குறும்புக் கற்பனை ஓவியமும் புதிய பொருள்களும்: பெங்களூரில் முதல் காட்சிக்குத் தயாராவது எப்படி?

ஜனவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், கர்நாடக சித்ரகலா பரிஷத் என்ற கலை நிறுவனம் நடத்தும் ‘சித்ர சந்தே’ எனும் ஓவியச் சந்தைக்காகப் பெங்களூரின் குமாரகிருபா சாலை முழுவதும் ஓவியங்களால் நிறைந்துவிடுவது வழக்கம். பிள்ளையார், புத்தர், பாய்ந்தோடும் குதிரைகள், மழையில் ஒரே குடையில் நடக்கும் ஜோடி என்று பார்த்துப் பழகிய படங்கள் வரிசையாக நிற்கும் அந்தச் சாலையில், தூங்குமூஞ்சி மரத்தின் கிளைகளில் ஆட்டோக்கள் கூடு கட்டி அடைந்திருப்பதைப் போன்ற ஒரு படம் இருந்தால், கடந்து போகிறவர்கள் இரண்டடி பின்னால் வந்து நின்று பார்ப்பார்கள். அப்படிப்பட்ட குறும்பும் கற்பனையும் கலந்த படங்களை, இதுவரை கையாளாத பொருள்களைக் கொண்டு வரைந்து, முதன்முறையாகக் காட்சிக்கு வைக்க விரும்புகிறவர்களுக்காக இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. அலுவலக வேலைக்கு நடுவே, அல்சூரிலோ ஒயிட்ஃபீல்டிலோ வாடகை வீட்டின் பால்கனியில் மடக்கு மேசை போட்டு வரைகிறவரை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். தனி ஓவியக்கூடம் இருப்பவர்களுக்கு இதிலுள்ள எச்சரிக்கைகளில் பாதி தேவைப்படாது.

தொடங்குமுன் ஒன்றைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள்: ஒரு படத்துக்கு ஒரு புதிய பொருள் போதும். கடையில் பார்த்த மினுமினுப்புத் தூள், டெக்ஸ்சர் பேஸ்ட், ஆல்கஹால் இங்க், ரெசின் என்று எல்லாவற்றையும் ஒரே பலகையில் கொட்டினால், கேடு வரும்போது அது எதனால் வந்தது என்று கண்டுபிடிக்க முடியாது. பார்ப்பவருக்கும் படம் தெரியாமல் பொருள்களே தெரியும்.

காட்சி நாளிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள்

ஜனவரியில் படம் சாலையில் நிற்கவேண்டும் என்றால், டிசம்பர் முதல் வாரத்துக்குள் வார்னிஷ் அடித்து முடித்திருக்க வேண்டும். மெல்லிய அக்ரிலிக் பூச்சு ஒரு மணி நேரத்தில் கைக்கு ஒட்டாமல் காய்ந்துவிட்டாலும், உள்ளே இருக்கும் நீர் முழுதாக வெளியேற ஓரிரு வாரங்கள் ஆகும். தடித்த பூச்சுகளுக்கும் ஊற்றி வரையும் படங்களுக்கும் மூன்று, நான்கு வாரங்கள் ஒதுக்குவது நல்லது. எனவே செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் படங்களை வரைவதாகவும், அதற்கு முந்தைய மழை மாதங்களைச் சோதனைக்கு ஒதுக்குவதாகவும் திட்டமிடுங்கள். மழைக்காலத்தில் எல்லாம் மெதுவாகக் காய்வதால் சோதனைக்கு அது மோசமான பருவம் என்று தோன்றலாம். ஆனால் ஈரத்தில் எந்தப் பசை இளகுகிறது, எந்தப் பலகை வளைகிறது, எது பூஞ்சணம் பூக்கிறது என்பதையெல்லாம் அந்த மாதங்களே செலவில்லாமல் காட்டிக்கொடுத்துவிடும். சித்ர சந்தேயில் இடம் பெறுவதற்கான விண்ணப்பத்தையும் முன்கூட்டியே அனுப்ப வேண்டியிருப்பதால், ஆண்டின் கடைசி மாதங்களில் பரிஷத்தின் அறிவிப்புகளைக் கவனித்து வாருங்கள்.

இந்த இடைவெளியில் ஒரு நாள் அரண்மனைச் சாலையில் உள்ள மாணிக்கவேலு மாளிகைக்குப் போய் வாருங்கள். 2009 முதல் தேசிய நவீனக் கலைக்கூடம் அங்கே இயங்கிவருகிறது, திங்கட்கிழமை விடுமுறை. படங்களை நேரே நின்று பார்ப்பதோடு நிறுத்திவிடாமல் பக்கவாட்டிலிருந்தும் பாருங்கள். பூச்சு எவ்வளவு தடிமன், ஓரங்கள் எப்படி முடிக்கப்பட்டிருக்கின்றன, கண்ணாடிக்கும் காகிதத்துக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி விட்டிருக்கிறார்கள் என்பவையெல்லாம் கைப்பேசியில் பார்க்கும் படங்களில் ஒருபோதும் தெரிவதில்லை. சித்ரகலா பரிஷத்தின் அருங்காட்சியகத்தில் உள்ள கர்நாடகத் தோல்பாவைகளையும் பார்த்துவிடுங்கள். ஊடு தெரியும் தோலில் சாயத்தைத் தீட்டி, பின்னாலிருந்து விளக்கு வைத்து உயிர் கொடுக்கும் அந்த உத்தியை, ஊடு தெரியும் பிளாஸ்டிக் தாளிலும் திரவ அக்ரிலிக் மையிலும் இன்று நீங்களும் முயன்று பார்க்கலாம்.

கருவையும் பொருளையும் இணைப்பது

குறும்பு ஓவியம் என்றால் பெரிய கண்களும் பளிச்சென்ற நிறங்களும் போதும் என்று பலர் எண்ணுகிறார்கள். என் பார்வையில், பொருளின் சுபாவமே படத்தின் வேடிக்கைக்குக் காரணமாக அமையும்போதுதான் அது நிலைக்கிறது. மாட்டின் உடம்பெங்கும் கோலம் புடைத்து நிற்க வேண்டுமானால் புடைப்புப் பொருள் தேவை. சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலுக்கு மேலே மிதக்கும் மீன்கள் கண்ணாடிக்கு உள்ளே இருப்பதுபோலத் தோன்ற வேண்டுமானால் அக்ரிலிக் தகடு தேவை. இரண்டையும் சாதாரணக் கித்தானில் சாதாரண வண்ணத்தில் வரைந்தால் நகைச்சுவைத் துணுக்குக்கு வரைந்த படமாக நின்றுவிடும் அபாயம் உண்டு.

ஒரு நோட்டுப் புத்தகத்தில் இடப்பக்கம் தோன்றிய கருக்களையும் வலப்பக்கம் ஒவ்வொரு பொருளும் என்ன செய்யும் என்பதையும் வினைச்சொல்லாகவே எழுதுங்கள்: புடைக்கும், வழியும், ஊடு தெரியும், மின்னும், வெடிக்கும், மங்கும். பிறகு இரண்டு பக்கங்களையும் கோடு போட்டு இணைத்துப் பாருங்கள். இணையாத கரு இன்னும் தயாராகவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

கோலப்பொடியால் புடைப்பு

புதியவர்கள் முதலில் முயல நான் பரிந்துரைப்பது வெள்ளைக் கோலப்பொடியைத்தான். மல்லேஸ்வரத்திலோ கே.ஆர். மார்க்கெட்டிலோ மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும். கெட்டுப்போனாலும் மனம் வலிக்காது. கல்லிலிருந்து அரைத்த பொடியாகக் கேட்டு வாங்குங்கள். அரிசிமாவைக் கலந்தால் பூச்சியும் பூஞ்சணமும் வரும். நிறம் ஏற்றிய பொடிகளின் சாயம் ஈரத்தில் கசிவதாலும் வெயிலில் வெளுப்பதாலும் அவற்றைத் தவிர்த்துவிட்டு, வெள்ளைப் பொடியில் புடைப்பு செய்து காய்ந்தபின் அதன்மேல் வண்ணம் தீட்டுங்கள்.

செய்முறை இதுதான். அக்ரிலிக் மீடியம் (நிறம் சேர்க்காத அக்ரிலிக் பசைத் திரவம்) ஒரு பங்கு, நன்றாகச் சலித்த பொடி ஒரு பங்கு என்று அளவில் தொடங்கி, தோசை மாவுப் பதத்துக்கு வரும்வரை பொடியைச் சிறிது சிறிதாகச் சேருங்கள். பொடியைச் சலிக்கும்போதும் கலக்கும்போதும் முகக்கவசம் அணிவது கட்டாயம். கல்தூள் நுரையீரலுக்கு ஆகாது. கலவையை மருதாணிக் கூம்பில் நிரப்பிக் கோடாகப் பிழியலாம், கரண்டி போன்ற தட்டைக் கத்தியால் பரப்பலாம், ஈரமாக இருக்கும்போதே சீப்பாலும் பழைய பேனா மூடியாலும் அழுத்தித் தடம் பதிக்கலாம். ஒரே பூச்சில் இரண்டு, மூன்று மில்லிமீட்டருக்கு மேல் போகாதீர்கள். உயரம் வேண்டுமென்றால், முதல் அடுக்கு முழுதாகக் காய்ந்தபின் அதன்மேல் இன்னொரு அடுக்கு கொடுங்கள். மேற்பரப்பு முதலில் இறுகி, உள்ளே இருக்கும் நீர் பிறகு வெளியேறும்போது பூச்சு சுருங்குவதால்தான் தடித்த அடுக்கு வெடிக்கிறது. காய்ந்த பிறகு நகத்தால் சுரண்டினால் மாவாக உதிர்கிறது என்றால், பொடி அதிகமாகிப் பொடித் துகள்களை எல்லாம் பிணைக்கும் அளவுக்குப் பசை இல்லாமல் போய்விட்டது என்று பொருள்.

மீடியத்துக்குப் பதிலாக ஃபெவிகால் போதாதா என்று பலரும் கேட்பார்கள். பள்ளி மாணவர் செய்துபார்க்கப் போதும். ஆனால் அந்த வகை வெள்ளைப் பசைகள் காய்ந்த பின்னும் ஈரம் பட்டால் இளகும் இயல்புடையவை என்பதால், ஒருவர் பணம் கொடுத்து வாங்கப்போகும் படத்துக்கு அக்ரிலிக் மீடியத்தையே பயன்படுத்துங்கள்.

இந்தப் புடைப்பு முறை நமக்கு அந்நியமும் இல்லை. தஞ்சாவூர் ஓவியத்தில் தங்க ரேக்கின் அடியில் இருப்பதும் இப்படிப்பட்ட மாக்கலவைதான். மைசூர் ஓவியத்தில் அதே வேலை இன்னும் தாழ்வாக, நுணுக்கமாக இருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், புடைப்பு எவ்வளவு உயரம் இருந்தால் போதும் என்ற கண் அளவு பிடிபடும். என்னைக் கேட்டால், குறும்புப் படங்களுக்கு மைசூர் அளவே பொருந்தும்.

இக்கலவையைக் கித்தானில் பூசினால், கித்தான் அசையும்போது வெடிப்பு விழும். எனவே மரத்தூளை அழுத்திச் செய்த 6 மில்லிமீட்டர் எம்டிஎஃப் பலகையைப் பயன்படுத்துங்கள். முன்புறம் மட்டும் ஜெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சைப் பூசினால் மழைக்காலத்தில் பலகை ஒருபுறமாக வளைந்துவிடும் என்பதால், பின்புறத்தையும் நான்கு ஓரங்களையும் சேர்த்தே பூசி மூடுங்கள். அறுத்த ஓரந்தான் ஈரத்தை அதிகம் உறிஞ்சும்.

அக்ரிலிக் தகட்டில் தலைகீழ் வரிசை

இந்தப் பட்டியலில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். தகட்டின் பின்புறம் வரைந்து முன்புறமாகப் பார்ப்பது, தஞ்சாவூர்க் கண்ணாடி ஓவியங்களில் நாம் ஏற்கெனவே அறிந்த முறை. சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படித்து, பின்னர் சாந்திநிகேதனிலும் பரோடாவிலும் பெயர்பெற்ற கே.ஜி. சுப்ரமணியன் (1924–2016) கண்ணாடியிலும் அக்ரிலிக் தகட்டிலும் இவ்வாறு வரைந்த படங்களில், பூனைகளும் பெண்களும் தெய்வங்களும் ஒரே வீட்டில் சண்டையிட்டும் சிரித்தும் குடியிருப்பதுபோல் இருக்கும். குறும்புக்கு இந்த ஊடகம் எவ்வளவு இசைந்து கொடுக்கிறது என்பதை அறிய அவருடைய படங்களைத் தேடிப் பாருங்கள்.

தகட்டைப் பெயர்ப்பலகை செய்யும் கடைகளில் கேளுங்கள். வெட்டி மிஞ்சிய 3 மில்லிமீட்டர் துண்டுகளைக் குறைந்த விலைக்குத் தருவார்கள். ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்துக் கூர்மையை நீக்கிக்கொள்ளலாம். இருபுறமும் ஒட்டியிருக்கும் பாதுகாப்பு உறை ஊடு தெரிவதாக இருந்தால், வரையப்போகும் பக்கத்து உறையை மட்டும் உரித்துவிட்டு, முன்பக்கத்து உறையைக் காட்சி நாள்வரை அப்படியே விட்டுவையுங்கள். தகட்டைத் தின்னர், அசிட்டோன் போன்றவற்றால் துடைக்கக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத நுண்வெடிப்புகள் விழுந்து, சில நாளில் பனி படர்ந்ததுபோல் ஆகிவிடும். சோப்பு நீரில் கழுவி, ஈரமான மென்துணியால் ஒற்றியெடுத்தால் போதும். உலர்ந்த துணியால் அழுத்தித் தேய்த்தால் நிலைமின்னேற்றம் உண்டாகி, பால்கனியின் தூசியெல்லாம் தகட்டில் வந்து ஒட்டிக்கொள்ளும்.

வரைபடத்தை இடம் வலமாக மாற்றி அச்சிட்டு, தகட்டின் அடியில் டேப்பால் ஒட்டுங்கள். இனி வழக்கமான வரிசை முழுவதும் தலைகீழாகும். ஒரு மீனின் கண்ணை எடுத்துக்கொண்டால், முதலில் கண்மணியில் மின்னும் வெள்ளைப் புள்ளி, அது காய்ந்தபின் அதை மூடி ஒரு கறுப்பு வட்டம், அதற்குப் பின்னால் அதைவிடப் பெரிய வெள்ளை வட்டம், அதற்கும் பின்னால் மீனின் செதில் நிறம், எல்லாவற்றுக்கும் கடைசியில் தண்ணீர் என்று போகவேண்டும். ஒவ்வொரு பூச்சுக்குப் பின்னும் தகட்டைத் திருப்பி முன்புறமாகப் பாருங்கள். நீங்கள் வரையும் பக்கத்தில் ஒழுங்கற்றுத் தெரிவது முன்பக்கத்தில் வழவழவென்று இருக்கும். கையெழுத்தையும் முதலிலேயே, இடம் வலம் மாற்றித்தான் போட வேண்டும். பின்னணி தீட்டிய பிறகு நினைவு வந்தால் வழியே இல்லை. கோடுகளுக்கு அக்ரிலிக் மார்க்கர் வசதியானது. வண்ணத்தில் தண்ணீர் அதிகம் சேர்த்தால், உறிஞ்சாத பரப்பு என்பதால் அது முத்து முத்தாகத் திரண்டு நிற்கும். எனவே நீர் சேர்க்காமல், மெல்லிய பூச்சாக இரண்டு, மூன்று முறை கொடுங்கள். கடைசியாகப் பின்புறம் முழுவதும் வெள்ளை அல்லது கருநீலத்தில் ஒரு மறைப்புப் பூச்சு கொடுத்தால், சுவரின் நிறம் ஊடே தெரியாது.

இந்த வண்ணப்படலம் தகட்டோடு இரண்டறக் கலப்பதில்லை. சுரண்டினால் உரிந்து வரும். எனவே இரண்டு வாரம் தொடாமல் விட்டு, பின்புறம் உரசாதபடி இடைவெளி விட்டுச் சட்டமிட வேண்டும்.

மற்றவை, சுருக்கமாக

அக்ரிலிக் வண்ணத்தை ஊற்றிச் செய்யும் படங்களைக் குமாரகிருபா சாலையில் பத்தடிக்கு ஒன்று பார்க்கலாம் என்பதால், அதையே முழுப்படமாக வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆனால் ஊற்றி உண்டான சுழல்களுக்குள் ஓர் உயிரினம் ஒளிந்திருப்பதைக் கண்டுபிடித்து, கண்ணும் காலும் மட்டும் வரைவது அருமையான விளையாட்டு. பலகையை மட்டம் பார்த்து வைத்துவிட்டு ஊற்றுங்கள். குச்சியால் தூக்கினால் நூலாக இறங்கி, ஒரு நொடி சிறு மேடாக நின்று பிறகு மறையும் அளவுக்கு வண்ணம் இளகியிருக்க வேண்டும். குமிழ் வட்டங்களுக்காக சிலிக்கான் எண்ணெய் சேர்த்தீர்கள் என்றால், காய்ந்தபின் அந்த எண்ணெயை முழுவதும் துடைத்தெடுக்காமல் வார்னிஷ் ஒட்டாது. மேலே வரையும் கண்ணும் காலுங்கூட ஒட்டாது.

ஃபில்டர் காபி டிகாஷனில் வரைவது பெங்களூருக்கு ஏற்ற குறும்பு என்று தோன்றும். 300 ஜிஎஸ்எம் அளவுள்ள தடித்த காகிதத்தில் டிகாஷனைச் சுண்டக் காய்ச்சி, அடுக்கடுக்காகத் தீட்டினால் வரும் பழுப்புகள் உண்மையிலேயே அழகு. ஆனால் அது நிலைக்கும் நிறமி இல்லை; வெளிச்சத்தில் மாறும், ஈரத்தில் பூஞ்சணத்தை வரவழைக்கும். மஞ்சள்தூள் இதைவிட வேகமாக வெளுக்கும். ஆகவே காபியில் வரைந்ததைத் தரமாக ஸ்கேன் செய்து அச்சுப்படியாக விற்றுக்கொண்டு, மூலப்படத்தைக் கண்ணாடியிட்டுக் காட்சிக்கு மட்டும் வைக்கலாம். அல்லது அதே பழுப்புகளை அம்பர் (umber) எனும் பழுப்பு மண் வண்ணங்களில் வரைந்துவிடலாம்.

சென்னபட்டணத்து மர உருவங்களின்மேல் வரைவதும் நல்ல யோசனை. பெங்களூரிலிருந்து மைசூர்ச் சாலையில் சுமார் 60 கிலோமீட்டரில் இருக்கும் அந்த ஊரில், கடைசலில் சுழலும் மரத்தின்மேல் அரக்கை அழுத்தி, உரசலின் சூட்டில் உருக்கிப் பூசி, தாழை ஓலையால் மெருகேற்றுகிறார்கள். அரக்கு பூசாத வெறும் மர உருவம் கிடைத்தால் ஜெஸ்ஸோ பூசி வரைவது எளிது. அரக்கு பூசியதாக இருந்தால் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பை நீக்கிவிட்டு அக்ரிலிக் தீட்டுங்கள். ஆல்கஹால் கலந்த எதையும் அதன் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள், அரக்கு அதில் கரையும்.

ஆல்கஹால் இங்க் வழவழப்பான பிளாஸ்டிக் தாளில் மேகம் மேகமாகப் படரும். தீப்பற்றக்கூடியது என்பதால் சமையலறையில் வைத்துச் செய்யக் கூடாது. பெரும்பாலானவை சாய வகை என்பதால் வெளிச்சத்தில் மங்கும். மைக்காவால் ஆன முத்துத் தூள்கள் நிலைக்கும். ஃப்ளூரசன்ட் நிறங்கள் மங்கும். இருட்டில் ஒளிரும் வண்ணத்தை ஆசைப்பட்டு வாங்குகிறவர்கள், சித்ர சந்தே பட்டப்பகலில் நடக்கிறது என்பதை நினைவில் கொள்வது நல்லது.

எபாக்சி ரெசினை முதல் காட்சிக்கு எடுக்க வேண்டாம். இறுகும்போது சூடாகும், தோலில் பட்டால் ஒவ்வாமை வரலாம், ஒருமுறை வந்துவிட்டால் பிறகு சிறிதளவு பட்டாலும் மீண்டும் வரும், வெயிலில் மஞ்சளாகும், குழந்தைகள் இருக்கும் சிறிய வீட்டில் காற்றோட்டமான தனி இடம் கிடைப்பதும் அரிது. பளபளப்பு வேண்டுமென்றால் கிளாஸ் (gloss) எனும் பளபளப்பு வகை வார்னிஷ் போதும்.

சோதனைத் துண்டுகள்

எந்தப் பொருளாக இருந்தாலும், படத்தில் தொடுவதற்குமுன், அதே பலகையின் அல்லது காகிதத்தின் 10 × 15 சென்டிமீட்டர் துண்டுகளில் சோதியுங்கள். துண்டின் பின்புறம் பொருளின் பெயர், கலந்த விகிதம், நாள் ஆகியவற்றை எழுதாமல் விடாதீர்கள். எழுதாத துண்டு ஒரு மாதம் கழித்துக் குப்பைக்குத்தான் போகும். ஒரு வாரம் காய்ந்தபின் ஒரு மூலையை நகத்தால் சுரண்டுங்கள், இன்னொரு மூலையை ஈரத்துணியால் தேயுங்கள். பிறகு பிளேடால் சிறு கட்டங்களாகக் கீறி, அதன்மேல் டேப்பை ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். டேப்போடு கட்டங்கள் உரிந்து வந்தால், அடிப்பூச்சும் மேற்பூச்சும் ஒட்டவில்லை என்று அர்த்தம்.

வெளிச்சச் சோதனை இதைவிட முக்கியம். துண்டின் பாதியை அலுமினியத் தாளால் மூடி, நேரடி வெயில் விழும் ஜன்னலில் இரண்டு மாதம் ஒட்டி வையுங்கள். தாளை எடுக்கும்போது நடுவில் கோடு தெரிந்தால் அந்த நிறத்தைக் காட்சிப் படத்தில் பயன்படுத்தாதீர்கள். கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்த ஊரில், காற்று குளிர்ச்சியாக இருப்பதால் வெயிலின் கடுமை நமக்குத்தான் உறைக்காது; வண்ணத்துக்கு உறைக்கும். ட்யூபில் வரும் வண்ணங்களில் வெளிச்சம் தாங்கும் தரம் பெரும்பாலும் அச்சிடப்பட்டிருக்கும். அமெரிக்கத் தர அளவில் 1, 2 என்று இருப்பவற்றை நம்பி எடுக்கலாம். மாணவர்களுக்கான மலிவுப் பெட்டிகளில் இளஞ்சிவப்பும் ஊதாவுமே முதலில் கைவிடும்.

படத்தை வரையும்போது

சோதனையில் தேறிய பொருளைக் கொண்டு 8 × 10 அங்குலம் அல்லது 12 × 16 அங்குலம் என்ற வழக்கமான அளவில் வரையுங்கள். ஆயத்தச் சட்டங்கள் கிடைக்கும், ஆட்டோவில் கொண்டுபோகவும் முடியும். ஒரே கருவின் தொடர்ச்சியாக ஐந்தாறு படங்கள் இருந்தால், சிதறிய இருபது படங்களைவிடக் கூடுதலாகப் பேசும். அக்ரிலிக்கின்மேல் எண்ணெய் வண்ணம் தீட்டலாம். எண்ணெயின்மேல் அக்ரிலிக் தீட்டினால் உரிந்துவிடும். ஆயில் பேஸ்டல் எப்போதும் முழுதாகக் காய்வதில்லை என்பதால் அதைக் கண்ணாடிக்குள் மட்டுமே வைக்க வேண்டும்.

பொருளின் வித்தை எங்கே வேண்டுமோ அங்கே மட்டும் வைத்து, மற்ற இடங்களை அமைதியாக விடுங்கள். கோலம் புடைத்த மாடு ஒன்று நிற்கிறது என்றால், அதன் பின்னணியும் புடைக்கத் தேவையில்லை. தட்டையான ஒரே நிறத்தில் விட்டால்தான், கிட்டே வந்து மாட்டின் முதுகைத் தொடத் தோன்றும். தொடவும் செய்வார்கள், அதற்கென்று ஒரு சோதனைத் துண்டைப் பக்கத்தில் தொங்கவிடுவது நல்லது.

தூரிகை கழுவிய நீரைத் தொட்டியில் ஊற்றாமல் ஒரு வாளியில் தெளியவிட்டு, அடியில் தங்கிய வண்டலைக் காகிதத்தில் துடைத்துக் குப்பையில் சேருங்கள். அக்ரிலிக் குழாய்க்குள்ளும் காயும்.

வார்னிஷ், சட்டம், பொதி

வார்னிஷ் அடிக்குமுன் படத்தைத் தூசி நீக்கி, படுக்கவைத்து, அகலமான மென்தூரிகையால் ஒரே திசையில் மெல்லிய பூச்சாகக் கொடுங்கள். அது காய்ந்தபின் குறுக்காக இரண்டாவது பூச்சு. ஒருமுறை தூரிகை போன இடத்துக்குப் பாதி காய்ந்த நிலையில் திரும்பிப் போகக் கூடாது, அங்கே பால்போல் வெண்மை படியும். வெயிலில் நிற்கும் காட்சிக்கு மேட் (பளபளப்பில்லாத) அல்லது சாட்டின் (மிதமான பளபளப்புள்ள) வகை நல்லது. கிளாஸ் வகையில் வானமும் பார்ப்பவர் முகமுமே தெரியும்.

காகிதப் படங்களுக்கு மவுண்ட் (படத்தைச் சுற்றி வைக்கும் அட்டை ஓரம்) வைத்துச் சட்டமிடுங்கள். காகிதம் கண்ணாடியைத் தொட்டால் மழைக்காலத்தில் ஒட்டிக்கொள்ளும். மவுண்ட் அட்டை அமிலம் இல்லாததாக இருக்கட்டும். சட்டத்தின் பின்புறம் மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு இறங்கி இருபுறமும் வளையம் திருகி, கம்பி கட்டுங்கள்.

பொதி கட்டுவதில்தான் பல புதியவர்களின் உழைப்பு வீணாகிறது. அக்ரிலிக் படலம் காய்ந்த பிறகும் சூட்டில் மென்மையாகும். இரண்டு படங்களை முகத்தோடு முகம் வைத்து மூடிய காரில் கொண்டுபோனால், பிரிக்கும்போது ஒன்றின் வண்ணம் மற்றொன்றோடு வரும். பபிள் ராப்பை நேரடியாகச் சுற்றினால் வட்ட வட்டமாகத் தழும்பு விழும். முதலில் கேக் சுடப் பயன்படும், சிலிக்கான் பூசிய பேக்கிங் (baking) தாளால் முகத்தை மூடி, நான்கு மூலைகளுக்கும் அட்டை மடித்து வைத்து, அதன்மேல் பபிள் ராப்பைக் குமிழ்கள் வெளிப்புறம் இருக்கும்படி சுற்றுங்கள்.

காட்சி நாளில்

காலையிலேயே போய், வெயில் எந்தப் பக்கம் நகரும் என்று பார்த்து, மங்கும் வாய்ப்புள்ள படங்களை மரநிழல் பக்கம் வையுங்கள். சாலையோரத் தூசிக்கு ஒரு மென்தூரிகையும், காற்றில் சாயாமலிருக்க ஈசலின் காலில் கட்ட மணல் பையும் அவசியம். கூடத்தில் வைப்பதானால் இந்தத் தொல்லைகள் இல்லை; ஆனால் முன்பதிவும் வாடகையும் உண்டு என்பதால், முதல் முறைக்கு நண்பர்கள் மூன்று, நான்கு பேர் சேர்ந்து எடுப்பது கையைக் கடிக்காது.

ஒவ்வொரு படத்துக்கும் தலைப்பு, பொருள், உயரம் × அகலம், ஆண்டு, விலை ஆகியவற்றைக் கொண்ட சிறு அட்டை வேண்டும். கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் அச்சிட்டு, விரும்பினால் தமிழையும் சேருங்கள். கன்னட வரிகளை அடுத்த வீட்டாரிடம் ஒருமுறை காட்டித் திருத்திக்கொள்ளுங்கள். ‘கலப்பு ஊடகம்’ என்று பொதுவாகப் போடாமல், ‘எம்டிஎஃப் பலகையில் அக்ரிலிக்கும் கோலப்பொடியும்’ என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். கோலப்பொடி என்ற அந்த ஒரு சொல்லே பேச்சைத் தொடங்கிவைக்கும். விலையைத் தீர்மானிக்கும்போது பொருள், சட்டம், வேலை நேரம் மூன்றையும் கூட்டுங்கள். வீணான சோதனைகளின் செலவை வாங்குபவர் தலையில் கட்ட முடியாது, அது உங்கள் கல்விச் செலவு. பேரம் பேசுவார்கள் என்பதால், எந்த விலைக்குக் கீழே தரமாட்டீர்கள் என்பதை வீட்டிலேயே முடிவு செய்துவிடுங்கள். பெரிய படத்தை வாங்க இயலாதவர்களுக்காக, அஞ்சலட்டை அளவு அச்சுப்படிகளையும் யூபிஐ க்யூஆர் அட்டையையும் முன்னால் வையுங்கள்.

விற்ற படத்தோடு ஒரு துண்டுச் சீட்டையும் கொடுங்கள். என்ன பொருளால் ஆனது, நேர் வெயில் படாத சுவரில் மாட்டவேண்டும், உலர்ந்த தூரிகையால் மட்டும் தூசி தட்டவேண்டும், அக்ரிலிக் தகடானால் முன்புறத்தைக் கண்ணாடி துடைக்கும் ஸ்ப்ரேயால் துடைக்கக் கூடாது என்று நான்கு வரிகள் போதும். உங்கள் பெயரும் தொலைபேசி எண்ணும் சீட்டில் இருக்கட்டும். ஓராண்டு கழித்து எந்த நிறம் மாறியது, எந்த மூலை உரிந்தது என்று அவர்கள் சொல்வதை அதே நோட்டுப் புத்தகத்தில் அந்தப் பொருளின் பெயருக்கு எதிரே எழுதிக்கொள்ளலாம்.